டேப்பட்டும் ஒன்பதும்

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா லாரி டிரைவர். போன லீவில் நாமக்கல் பட்டறை ஒன்றில், 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் கார் ஒன்றின் டேப்பட் செட்டிங்கை மேஸ்திரி என்னிடம் விட்டார்.

பழைய 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின், நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. ஆறிய என்ஜினில் இடைவெளி 0.015 அங்குலம் வைக்கச் சொன்னார். எந்த வால்வை எப்போது பார்ப்பது? கூட்டினால் ஒன்பது வர வேண்டும். 8-வது முழுதாகத் திறந்து நிற்கும்போது 1-வது. 6 திறந்தால் 3. 4 திறந்தால் 5. இப்படியே எட்டும்.

முடித்து ஸ்டார்ட் செய்தேன். டக்டக் சத்தமே இல்லை! நான் சிரித்தேன், மேஸ்திரி சிரிக்கவில்லை. "சத்தம் போடற வால்வு பொழைச்சுக்கும். போடாதது கருகிடும்டா."

இடைவெளி இல்லாவிட்டால், சூட்டில் நீளும் வால்வு சீட்டில் சரியாக உட்காராது. எரியும் வாயு கசிந்து அதைச் சுட்டுவிடும். ஆறவைத்துப் பார்த்தோம். நான்கு வால்வில் ஃபீலர் கேஜ் நுழையவே இல்லை. லாக் நட்டை இறுக்கும்போது கூடவே ஸ்க்ரூவும் திரும்பியிருக்கிறது. திருப்புளியால் ஸ்க்ரூவை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகும் ஒரு தடவை கேஜ் போட்டுப் பாருங்கள்.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். "இருவது வருசமா அந்தச் சத்தத்தக் கேக்கறன். எதுக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது சாமி" என்றார்.