வைக்கோல் போர் வழியாக ஜப்பானுக்கு

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கடலூரில் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளோடு உட்காருகிறேன். கோடை விடுமுறையில் மாதம் ஒரு நாட்டைப் பற்றிப் பேசுவது என்று முடிவுசெய்து முதலில் ஜப்பானை எடுத்தேன். தலைநகர் டோக்கியோ, நாணயம் யென், மாகாணங்கள் 47 என்று பலகையில் எழுதிப்போட்டேன். பிள்ளைகள் அழகாக நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மறுவாரம் கேட்டால் ஒருவருக்கும் நினைவில்லை. முப்பது வருடம் பாடம் நடத்திய பழக்கம், என்னையறியாமல் அதையும் தேர்வுக்கான பாடமாக்கியிருந்தது.

அடுத்த வாரம் சேவலிலிருந்து தொடங்கினேன். நம் ஊர்ச் சேவல் ‘கொக்கரக்கோ’ என்கிறது. ஜப்பான்காரர்கள் காதில் அது ‘கொக்கெகொக்கோ’. அங்கே நாய் ‘வன் வன்’ என்று குரைக்கும். கொஞ்ச நேரம் நூலகம் முழுக்க ஒரே வன் வன். அந்தச் சூட்டிலேயே ஒரு வாக்கியத்தையும் சொல்லிக்கொடுத்தேன்: ‘வத்தாஷி வா கோஹன் ஓ தபெமாஸ்.’ வத்தாஷி என்றால் நான், கோஹன் என்றால் சோறு, தபெமாஸ் என்றால் சாப்பிடுகிறேன். நம் வாக்கியத்தில் சொற்கள் எந்த வரிசையில் வருமோ அதே வரிசை. நடுவில் வரும் அந்த ‘ஓ’, ‘சோற்றை’ என்பதில் இருக்கும் ‘ஐ’ செய்கிற வேலையைச் செய்கிறது. வேற்றுமை உருபைக் கண்டு பயந்தவர்கள் அன்றைக்கு அதை விளையாட்டாகப் பிடித்துக்கொண்டார்கள். கோஹன் என்ற சொல்லுக்குச் சோறு என்றும் பொருள், சாப்பாடு என்றும் பொருள் என்றேன். “எங்க வீட்லயும் அப்படித்தான் டீச்சர், சோறு தின்னியான்னுதான் கேப்பாங்க” என்றான் ஒருவன்.

பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் எவ்வளவு தூரமும் போகலாம். மார்ச் 3ஆம் தேதி பெண் குழந்தைகளுக்காகக் கொண்டாடும் ஹினாமத்சுரியில் சிவப்புத் துணி விரித்த படிகளில் பொம்மைகளை அடுக்குவார்கள். உச்சிப் படியில் பேரரசரும் பேரரசியும் இருப்பார்கள். படத்தைக் காட்டியதுமே “கொலு!” என்று கத்தினார்கள். அங்கே பள்ளிக்கூடத்தில் மாணவர்களே வகுப்பறையைப் பெருக்கித் துடைப்பார்கள், மதியச் சாப்பாட்டை முறைவைத்துப் பரிமாறுவார்கள் என்பதையும் படங்களோடு காட்டினேன்.

‘வியப்பூட்டும் தகவல்’ என்று எதையாவது எடுத்துவிடும்போது மட்டும் கவனம் வேண்டும். மீனைப் பச்சையாகச் சாப்பிடுவார்கள் என்று நான் சொன்னதும் பாதிப் பேர் ‘ஐயே’ என்று முகத்தைச் சுளித்தார்கள். ஒரு நாட்டு மக்களின் சாப்பாட்டை நான் வேடிக்கைப் பொருளாக்கிவிட்டேன் என்று சுருக்கென்றது. காப்பாற்றியவள் மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி. “அப்போ மீனு அன்னிக்குப் புடிச்சதா இருக்கணும். செவுளு ரத்தச் செவப்பா இருக்கணும். நாத்தமே வரக் கூடாது” என்று அவள் விளக்க ஆரம்பித்தாள். பேச்சு மீனின் தரத்துக்கும் கத்தியின் கூர்மைக்கும் போனது. ஐயே என்றவர்களே கேள்வி கேட்டார்கள். அதிலிருந்து எந்தத் தகவலைச் சொன்னாலும், ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். காரணம் எனக்குத் தெரியாவிட்டால் அந்தத் தகவலைத் தொடுவதில்லை.

இன்னொரு வாரம், “உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு ஜப்பானியச் சொல் இருக்கிறது, என்ன?” என்று கேட்டேன். கராத்தே என்றார்கள். சரிதான், இன்னொன்று என்றேன். பின்வரிசையிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது: “சுனாமியா டீச்சர்?”

‘த்சு’ என்றால் துறைமுகம், ‘நாமி’ என்றால் அலை. 2004 டிசம்பர் 26இல் பேரலை வருவதற்கு முன்னால் எங்கள் ஊரில் அந்தச் சொல்லை யார் அறிந்தார்கள்? இந்தப் பிள்ளைகள் அதற்கு வெகுகாலம் பின்னால் பிறந்தவர்கள். ஆனாலும் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் தொங்குகிற பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் போயிருந்தேன். பயத்தை மட்டும் சொல்லாமல், பிழைத்த கதையைச் சொல்வது என்று தீர்மானித்திருந்தேன்.

1854. வாக்கயாமா பகுதியில் ஹிரோ என்ற கடலோரக் கிராமம். பெரிய நிலநடுக்கம், அதைத் தொடர்ந்து ஆழிப்பேரலை. இருட்டில் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். சோயா சாஸ் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஹமாகுச்சி கொர்யோ, வயலில் கிடந்த வைக்கோல் போர்களுக்குத் தீ வைத்தார். அந்த வெளிச்சத்தைப் பார்த்து மக்கள் மேட்டுக்கு ஏறினார்கள். அதோடு அவர் நிற்கவில்லை. வாழ்வாதாரம் இழந்த ஊர்க்காரர்களுக்கே கூலி கொடுத்துக் கடலோரம் நீண்ட கரை ஒன்றை எழுப்பினார். 1946இல் மறுபடி பேரலை வந்தபோது அந்தக் கரை ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. ஐக்கிய நாடுகள் அவை நவம்பர் 5ஐ ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளாக வைத்திருப்பதும் இந்த நிகழ்ச்சியை நினைத்துத்தான்.

இதே கதை ஜப்பானியப் பாடப்புத்தகத்தில் வேறு மாதிரி வந்தது. அதில் அவர் குன்றின்மேல் வாழும் முதியவர். அலை வருவதை முன்பே கண்டு, அறுவடை செய்த கதிர்களையே கொளுத்துவார். உண்மையில் அவருக்கு அப்போது முப்பது வயதுக்கு மேல் கொஞ்சம்தான். பிள்ளைகளுக்கு இரண்டையும் சொன்னேன். கதை எப்படி வளர்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று எண்ணினேன். பத்து வயதுக்காரர்கள் ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். பெரும்பாலானவர்கள் இளைஞர் கொர்யோவின் பக்கம்தான். ‘அவர் கூலி குடுத்தாரு இல்ல’ என்பது அவர்கள் சொன்ன காரணம்.

கிளம்பும்போது ஒரு வேலை கொடுத்தேன். சுனாமி வந்த அன்றைக்கு நம் ஊரில் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று வீட்டில் கேட்டு வரவேண்டும். சொல்ல விரும்பாதவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

மறுவாரம் ஏழு பேர் கேட்டு வந்தார்கள். சார்ட் தாளில் தெருக்களை வரைந்து, ஒவ்வொரு வீட்டார் ஓடிய வழியையும் வண்ணக் கோடாகப் போட்டோம். ஒரு சிறுவனோடு அவன் பாட்டியே வந்துவிட்டார். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து ஒரு கோட்டைத் திருத்தினார். “இந்தச் சந்து இல்ல, அடுத்தது” என்றார். வாசல் வரை போனவர் திரும்பி, “அந்த வக்கப்போரு கொளுத்துன புள்ள பேரு என்னம்மா?” என்று கேட்டார். கொர்யோ என்றேன். பேரனைப் பார்த்து ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.