கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்

கேள்வி: எங்கள் படிப்பகத்துக்கு ஓர் அலுவலகம் ஆறு பழைய கம்ப்யூட்டர்களைக் கொடுத்திருக்கிறது. விண்டோஸ் 11 ஏறவில்லை. காயலான் கடைக்குத்தான் போடணுமா?
– ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: அவசரப்படாதீர்கள். 64 பிட் பிராசசரும் 4 ஜிபி ராமும் இருந்தால் லினக்ஸ் மின்ட் ஓடும்; அதிலும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலகுவானது. காசும் கிடையாது, லைசென்ஸ் தொல்லையும் இல்லை. செலவழிப்பதானால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். கழற்றிய டிஸ்க்கை முழுதாக அழித்துவிடுங்கள், அலுவலகக் கோப்புகள் அதில் கிடக்கும்.

ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பின்னால் போகிறதா? மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தப்பானால் பல இணையதளங்கள் திறக்காது. மெஷின் போச்சு என்று நினைத்துவிடுவார்கள்!

அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஃப்ரீ கீக் அமைப்பு 2000-லிருந்து பழைய கம்ப்யூட்டர்களைத் தேற்றிக் கொடுக்கிறது. தன்னார்வலராக உழைத்தவர்களுக்கு ஒரு மெஷின் கொடுத்தனுப்பும் வழக்கமும் அங்கே இருந்தது. உங்கள் ஊர்ப் பிள்ளைகளையும் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார வையுங்கள். ஆறும் தேறாவிட்டால் இரண்டைப் பிரித்து நான்கை ஓட்டுங்கள். தமிழ்99 விசைப்பலகையையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.