மூட்டுவலிக்காரர்களுக்குக் கைகொடுக்கும் 12 குறிப்புகள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் நாலு பேர் கூடினால் பேச்சு முழங்கால் வலியில்தான் வந்து நிற்கிறது. வலிக்கிறதே என்று ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டால் தசை இளைத்து, மூட்டு இன்னும் இறுகிப்போகும். மூட்டுக்குப் பாரத்தைக் குறைப்போம், நடமாட்டத்தை விடாமல் இருப்போம், தோழிகளே!

1. காலையில் விரல் மடங்க மறுக்கிறதா? பொறுக்கிற சூட்டு வெந்நீரில் பத்து நிமிஷம் கையை வைத்து, மெல்ல மூடி மூடித் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் சூட்டை வீட்டில் வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

2. விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடம். வீங்கிச் சூடாக இருந்தால் ஐஸ் ஒத்தடம். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் வைத்தால் போதும், தனியாகப் பை வாங்கும் செலவு மிச்சம்.

3. அரிவாள்மணையைப் பரணில் ஏற்றிவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து மேஜைமேல் நறுக்கினால், தரையிலிருந்து எழுந்திருக்கும் அவஸ்தை இல்லை.

4. கரண்டி, கத்திப் பிடி மெலிசாக இருந்தால் விரல் மூட்டுக்குப் பாரம். பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிப் பிடியில் சுற்றுங்கள். பஞ்சர் கடையில் கேட்டாலே கிடைக்கும்.

5. இறுகின பாட்டில் மூடிமேல் ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளங்கையை அழுத்தித் திருகுங்கள். விரல்களுக்கு வேலையே இல்லை.

6. 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ கனம். கொண்டுவரும் தம்பியையே ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லி, கேனில் மாட்டும் பம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

7. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடித்தால்தான் பாரம் குறையும்.

8. இண்டியன் டாய்லெட்டை இடித்துக் கட்டிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். அதன்மேல் அப்படியே வைக்கும் கமோட் நாற்காலி சர்ஜிகல் கடைகளில் கிடைக்கிறது.

9. குக்கர் விசில் வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை செய்தால் தொடைத் தசை உறுதியாகி முழங்காலைத் தாங்கும்.

10. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலுக்குச் சுமார் நாலு கிலோ பாரம் குறைகிறது. ஆவடிக்காரர்களுக்குப் பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதை இருக்கவே இருக்கிறது. மெத்தென்ற செருப்போடு வெயிலுக்கு முன்பே போய்வாருங்கள்.

11. மருந்துக்கடையில் நாமாக வலி மாத்திரை வாங்கித் தொடர்ந்து போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே, தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொன்ன கிழமையைக் காலண்டரில் வட்டமிட்டுவிடுங்கள். சீட்டில் எழுதியதை வாங்க முதல்வர் மருந்தகத்தில் விசாரித்துப் பாருங்கள், விலை குறைவு.

12. காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடித்து, விரல் கணுக்களும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டு கோணாமல் காக்கலாம். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. ஆவடி, அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போய் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது. வெளியே போகவே முடியாத பெரியவர்களுக்கு, 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும்; பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்துவையுங்கள்.