எழுத்தின் உருவும் பயனும்

எழுத்தின் உருவம், அது பொறிக்கப்படும் பொருளையும் பயன்படும் இடத்தையும் ஒட்டி அமைகிறது. பாண்டிய நாட்டில் வழங்கிய வட்டெழுத்து, பெயருக்கேற்ப வளைவுகள் மிக்கது. ஊர்ச்சபை உறுப்பினர்க்குரிய தகுதிகளைக் கூறும் நெல்லை மாவட்டத்து மானூர்க் கல்வெட்டு இவ்வெழுத்தில் அமைந்ததே.

இன்று கணினியில் வழங்கும் 'பாலூ தம்பி' என்னும் எழுத்துருவும் வளைவுகளால் அழகு பெறுவது. மும்பையைச் சார்ந்த 'ஏக் டைப்' குழுவினர் வெளியிட்ட இவ்வெழுத்துரு, தடித்த கோடுகளும் உருண்ட முனைகளும் உடையது, கட்டணமின்றிக் கிடைப்பது. தொலைவிலிருந்தே கண்ணைக் கவர்வதால் தலைப்புகள், சுவரொட்டிகள், சிறுவர் நூல்களின் அட்டைகள் ஆகியவற்றுக்கு ஏற்றது.

ஆயினும், தடித்த எழுத்தைச் சிறிய அளவில் அச்சிட்டால் உள்வெளி அடைபட்டு, ணகர னகரச் சுழிகள் மயங்கும். சுழி மயங்கின் 'மணம்' 'மனம்' ஆகிவிடும். இடமறிந்து பயன்படுத்துதலும் வேண்டும். தாமிரபரணிப் படித்துறையில், 'ஆழமான பகுதி. குளிக்காதீர்' என்னும் எச்சரிக்கையைக் குறும்புத் தோற்றமுடைய எழுத்தில் எழுதினால், அதன் கடுமை குறையும். உயிர்காக்கும் சொல் விளையாட்டாகத் தோன்றும்.

ஆகவே எழுத்துருவைத் தேர்வோர் அழகை மட்டுமன்றி, படிப்போர், தொலைவு, நோக்கம் ஆகியவற்றையும் எண்ணுதல் வேண்டும்.

சிந்திக்க: உம் ஊர்ப் பெயர்ப்பலகைகளுள் எவற்றின் எழுத்துரு, கூறவந்த செய்திக்குப் பொருந்துகிறது? ஏன்?