கோடு இழுத்தும் ஃபாகர் ஓடவில்லையே?

கேள்வி: கோழி ஷெட்டின் வெப்பநிலை சென்சாரை நோட்-ரெட் மென்பொருளில் ஃபாகருடன் (நீர்த்தூவிக் கருவி) இணைத்தேன். நடுவில் ஃபங்ஷன் கட்டம் போட்டதும் எல்லாம் நின்றுவிட்டது. ஏன்?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: அந்தக் கட்டத்தின் கடைசி வரியைப் பாருங்கள். ‘ரிட்டர்ன் எம்எஸ்ஜி’ இல்லாவிட்டால், கோடு சரியாக இருந்தாலும் தகவல் அடுத்த கட்டத்துக்குப் போகாது. திருத்தியதும் ‘டிப்ளாய்’ அழுத்த மறக்காதீர்கள்.

இன்னொன்று: எம்க்யூடிடி என்ற தகவல் நெறிமுறை வழியாக சென்சாரிலிருந்து வரும் 35 பல நேரம் எண்ணாக வராது, எழுத்தாகத்தான் வரும். அதோடு 1 கூட்டினால் 36 அல்ல, 351 கிடைக்கும்! முதலில் எண்ணாக மாற்றுங்கள்.

ஃபாகர் 35 டிகிரியில் ஓடி 35-லேயே நிற்கும்படி வைத்தால், அதை இயக்கும் ரிலே சுவிட்ச் ஓயாமல் அடித்துக்கொண்டு சீக்கிரம் கெட்டுவிடும். 35-ல் ஓடட்டும், 33-ல் நிற்கட்டும். ஃபாகர் ஓடாமல் போனால் சித்திரை வெயில் முட்டைக்கோழிகளைக் கொன்றுவிடும். அதனால் கையால் போடும் சுவிட்சும் கட்டாயம் இருக்கட்டும்.