கடலுக்குள் போகும் கடிகாரம்

பெரிய நகரங்களின் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் சில கைக்கடிகாரங்களைத் தனியாக வைத்திருப்பார்கள். தடித்த எஃகுக் கூடு, முகப்பைச் சுற்றி எண்கள் பொறித்த ஒரு சுழல் வளையம், முள்ளுக்குக் கீழே ‘300 மீட்டர்’ என்று ஒரு வரி. சிலவற்றின் விலை ஒரு நல்ல காரின் விலை. பாட்டரி கிடையாது. தாத்தா காலத்துக் கடிகாரம் போல உள்ளே சுருள்வில்லும் பற்சக்கரங்களும்தான். இதைச் சேகரிப்பதற்கென்றே உலகமெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். “மாமா, நீங்கள் இன்ஜினீயர்தானே, இதில் அப்படி என்னதான் இருக்கிறது?” என்று நம் சங்கத்து இளைஞர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்புப் பௌதிகம் நினைவிருந்தால் போதும்.

முதலில் கணக்கு. தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் கூடும். கடிகாரக் கண்ணாடியின் விட்டம் 3 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 7 ச.செ.மீ. எனவே 300 மீட்டர் ஆழத்தில் அந்தக் கண்ணாடியின் மேல் 210 கிலோ. கடலிலேயே ஆழமான இடம் பசிபிக்கில் உள்ள சாலஞ்சர் மடு, சுமார் 10,900 மீட்டர். அங்கே அதே கண்ணாடி எட்டு டன் அளவுக்குத் தாங்க வேண்டும். நிலக்கரி ஏற்றிய பாக்ஸ் வேகனின் ஒரு சக்கரம் தண்டவாளத்தை அழுத்துவது பத்து டன். ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் புகாத கடிகாரத்தின் கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1926-ல் ரோலக்ஸ் நிறுவனம் முன்னும் பின்னும் திருகி மூடும் கூட்டை ‘ஆய்ஸ்டர்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. மறு ஆண்டு மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அதை அணிந்து இங்கிலீஷ் கால்வாயில் பல மணி நேரம் நீந்தினார். கடிகாரம் நிற்கவில்லை. 1932-ல் ஒமேகா ஒரு கூட்டுக்குள் இன்னொரு கூட்டை வைத்துப் பார்த்தது. 1950-களில் ஸ்விட்சர்லாந்தில் இதைவிடச் சாமர்த்தியமான ஒரு கூடு வந்தது. பின்மூடியைக் கடல் எவ்வளவு அழுத்துகிறதோ, அவ்வளவுக்கு ரப்பர் வளையம், அதாவது கேஸ்கெட், இன்னும் இறுகும். எதிரியின் பலத்தையே காவலுக்கு வைப்பது போன்ற வேலை இது.

ஆனால் என்னைக் கேட்டால், இந்தக் கடிகாரங்களின் உண்மையான புதுமை தண்ணீரைத் தடுப்பதில் இல்லை. அந்தச் சுழல் வளையத்தில் இருக்கிறது.

1950-களில் பிளாங்க்பான் என்ற ஸ்விஸ் நிறுவனத்தை நடத்திய ழான்-ழாக் ஃபீஷ்டெர் தாமே முக்குளிப்பவர். ஒருமுறை பிரான்சின் தென்கரைக் கடலில் நேரக் கணக்குத் தவறி, ஆழத்தில் காற்று தீர்ந்துபோய்த் தட்டுத் தடுமாறி மேலே வந்தார். முதுகில் கட்டிய சிலிண்டரில் உள்ள காற்று இத்தனை நிமிடத்துக்குத்தான். போதாததற்கு, ஆழத்தில் சுவாசித்த நைட்ரஜன் இரத்தத்தில் கரைந்திருக்கும். சட்டென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்தது போல உடம்புக்குள் குமிழிடும். ஆகவே எத்தனை நிமிடம் ஆயிற்று என்பது உயிர்ப் பிரச்சினை. 1953-ல் அவர் வெளியிட்ட ‘ஃபிஃப்டி ஃபாதம்ஸ்’ கடிகாரத்தைப் பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள் அணிந்தார்கள். ரோலக்ஸின் ‘சப்மரைனர்’ பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

வளையத்தின் வேலை எளிது. இறங்கும்போது வளையத்தில் உள்ள முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பி வைக்க வேண்டும். பிறகு நிமிட முள் வளையத்தில் எந்த எண்ணைக் காட்டுகிறதோ, அத்தனை நிமிடம் ஆயிற்று. சரி, நீருக்குள் ஒரு பாறையில் இடித்து வளையம் நகர்ந்துவிட்டால்? அங்கேதான் விஷயம். பிளாங்க்பான் வளையத்தை அழுத்தினால்தான் திருப்ப முடியும். இக்காலத்து வளையங்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மட்டுமே திரும்பும். உள்ளே உள்ள பற்கள் மறுபக்கம் விடா. இறங்கி 20 நிமிடம் ஆகியிருக்கிறது, வளையம் ஐந்து நிமிடம் தள்ளிப்போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 25 என்று காட்டும். 15 என்று ஒருநாளும் காட்டாது. முக்குளிப்பவர் சற்று முன்னதாக மேலே வந்துவிடுவார். அவ்வளவுதான் நஷ்டம்.

ரயில்வேயில் பிரேக் வேலையிலேயே காலம் கழித்தவனுக்கு இதைப் பார்த்ததும் சொந்த ஊர்க்காரரைப் பார்த்தது போல இருக்கிறது. வண்டி நடுவில் அறுந்து இரண்டானால், வாக்குவம் கலைந்து இரண்டு பாதியிலும் பிரேக் தானே பிடிக்கும். சிக்னல் கம்பி அறுந்தால் கை தானே அபாய நிலைக்குத் திரும்பும். பழுதே வராத இயந்திரம் கிடையாது. பழுது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைச் செய்கிறவன் முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும்.

முக்குளிப்புக் கடிகாரங்களுக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 6425. அதுவும் இதே புத்தியோடு எழுதப்பட்டது. வளையம் தற்செயலாகத் திரும்பக் கூடாது. இருட்டில் 25 செ.மீ. தூரத்தில் நேரம் தெரிய வேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். நின்றுபோன கடிகாரத்தை நம்புவதைவிடக் கடிகாரம் இல்லாதது மேல் அல்லவா! எழுதிய ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில், ஒவ்வொரு கடிகாரத்தையும் சோதிக்க வேண்டும். சாதாரண ‘வாட்டர் ரெஸிஸ்டன்ட்’ கடிகாரத்துக்கு மாதிரி எடுத்துச் சோதித்தால் போதும். ‘30 மீட்டர்’ என்று எழுதியதைக் கட்டிக்கொண்டு 30 மீட்டர் இறங்கலாம் என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. அது கை கழுவவும் மழையில் நனையவும்தான்.

அடுத்தது ஒரு விசித்திரம். கடலடியில் நாள்கணக்கில் வேலை செய்பவர்கள் அழுத்த அறையிலேயே தங்கி, ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிப்பார்கள். ஹீலியம் அணு மிகச் சிறியது. தண்ணீர் புகாத கேஸ்கெட்டிலும் அது புகும். பிறகு அறையின் அழுத்தத்தைக் குறைக்கும்போது உள்ளே போன வாயு வெளியே வர வழியின்றி, கடிகாரக் கண்ணாடியைப் பெயர்த்துத் தள்ளிவிடும். 1967-ல் ரோலக்ஸ் ‘ஸீ-ட்வெல்லர்’ கடிகாரத்தின் பக்கவாட்டில் ஒரு குட்டி வால்வு வந்தது. நீராவி இன்ஜின் கொதிகலனின் சேஃப்டி வால்வு போல, உள்ளழுத்தம் மிஞ்சினால் ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்கும். ஜப்பானியர் வேறு வழி போனார்கள். 1968-ல் கூரே நகரிலிருந்து ஒரு முக்குளிப்புத் தொழிலாளி, தம் கடிகாரம் தாங்கவில்லை என்று ஸைக்கோ நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். ஏழு ஆண்டு உழைத்து, 1975-ல் டைட்டானியம் கூடும் ‘எல்’ வடிவ கேஸ்கெட்டும் கொண்ட கடிகாரத்தை வெளியிட்டார்கள். ஹீலியம் உள்ளே போனால்தானே வெளியேற்ற வேண்டும்? என் ஓட்டு ஜப்பானுக்கே.

ஆழத்தையும் கடிகாரமே காட்டினால் என்ன என்ற ஆசையும் பழையது. நம் வீட்டுப் பெரியவர்கள் கையில் ‘ஸீ சீஃப்’ என்ற பெயரோடு இருந்ததே ஃபேவர் லூபா, அதே நிறுவனம் 1960-களில் ‘பாத்தி’ என்ற கடிகாரம் செய்தது. பின்மூடித் துளை வழியே வரும் நீர் ஒரு மெல்லிய தகட்டை அழுத்த, முகப்பில் ஒரு முள் ஆழத்தைச் சொல்லும். 2011-ல் பிளாங்க்பான் இதையே உயர்ந்த உலோகத் தகட்டால் செய்து, 90 மீட்டர் வரை அளக்க வைத்தது. ஆனால் என் மனதைப் பறித்தது 2013-ல் ஓரிஸ் செய்தது. கண்ணாடியின் விளிம்பில் ஒரு நுண்ணிய வாய்க்கால். ஒரு பக்கம் மட்டும் திறப்பு. முள் இல்லை, தகடு இல்லை. இறங்க இறங்க உள்ளே உள்ள காற்று சுருங்கி, தண்ணீர் முன்னேறும். ஈரம் எட்டிய எல்லைதான் ஆழம். பாயில் விதி என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். 10 மீட்டரில் காற்று பாதி, 20-ல் மூன்றில் ஒன்று, 30-ல் நான்கில் ஒன்று.

இதில் ஒரு நயம் பாருங்கள். 30-லிருந்து 31 மீட்டருக்குப் போனால் தண்ணீரின் எல்லை கண்ணுக்கே தெரியாத அளவுதான் நகரும். 5-லிருந்து 6-க்குப் போனாலோ அதைப் போல ஆறேழு மடங்கு நகரும். முக்குளிப்பவர் மேலே வருமுன் நைட்ரஜன் வெளியேறச் சில நிமிடம் காத்து நிற்பது ஐந்தாறு மீட்டர் ஆழத்தில்தான். துல்லியம் தேவைப்படுகிற இடத்தில் அளவுகோல் தானாகவே விரிந்து கிடக்கிறது.

இப்போது முக்குளிப்பவர்கள் கையில் கட்டுவது பெரும்பாலும் சின்னக் கம்ப்யூட்டர். காற்று, ஆழம், நேரம் எல்லாவற்றையும் அதுவே கணக்கிடும். சுருள்வில் கடிகாரம் துணைக்குத்தான், அல்லது அலமாரிக்கு. 2022-ல் 11,000 மீட்டர் தாங்கும் டைட்டானியம் கடிகாரத்தை ரோலக்ஸ் விற்பனைக்கே விட்டது. கடலில் மனிதர் நீர்மூழ்கிக் கலமின்றி இறங்கியது, 1988-ல் பிரான்சின் கோமெக்ஸ் நிறுவனத்தார் போன 534 மீட்டர்தான். மீதி ஆழம் முழுக்கப் பெருமைக்கு. இருக்கட்டும், வீண்பெருமையிலும் நல்ல லேத் வேலை இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று மட்டும். விலை லட்சமானாலும் கேஸ்கெட் ரப்பர்தான், வயதானால் காயும். சில ஆண்டுக்கு ஒருமுறை கடையில் கொடுத்து அழுத்தச் சோதனை செய்து மாற்றிக்கொள்ளுங்கள். தாத்தாவின் ஸீ சீஃபைக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்க வேண்டாம். புதுக் கடிகாரமானாலும், நேரம் வைத்தபின் சாவிக் குமிழைத் திரும்பத் திருகி மூடினோமா என்று கரையிலேயே பார்த்துவிடுங்கள்.