ஜட்டியை நனைக்கும் குட்டிகளுக்காக: அம்மா, பாட்டி, அப்பா மூவருக்கும் சில குறிப்புகள்

வடசென்னையின் எம்.கே.பி. நகர், சத்தியமூர்த்தி நகர், வியாசர்பாடி பக்கத்து வீடுகளில் பிள்ளைக்கு இரண்டு வயது நிறைந்ததும் அங்கன்வாடி நினைப்பு வந்துவிடும். மூன்று தாண்டினால் எல்.கே.ஜி. ‘அதற்குள் இவன் சொல்லிவிட்டுப் போகப் பழகிவிடுவானா?’ என்ற கவலையும் கூடவே வரும். அந்தக் கவலையில் பெரியவர்கள் காட்டும் அவசரம்தான் பாதிச் சிக்கலுக்குக் காரணம்.

1. பிறந்த தேதியை வைத்துத் தொடங்காதீர்கள். பகலில் இரண்டு மணி நேரமாவது ஜட்டி நனையாமல் இருக்கிறதா? கக்கா வரும்போது கதவுக்குப் பின்னாலோ கட்டிலுக்கு அந்தப் பக்கமோ போய் ஒளிந்துகொள்கிறதா? ஜட்டியைத் தானே இழுத்து இறக்கப் பார்க்கிறதா? இவையெல்லாம் தெரிந்தால் பிள்ளை தயார். சிலர் ஒன்றரை வயதில் தயாராவார்கள், சிலருக்கு மூன்று ஆகும். 1962-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன், பிள்ளையின் போக்கிலேயே விட்டுப் பழக்கிய 1,170 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பகலில் நனைக்காத நிலைக்கு அவர்கள் சராசரியாக இருபத்தெட்டரை மாதத்தில் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை இன்றோடு விடுங்கள்.

2. பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, பேரப்பிள்ளையைப் பாதங்களின் மேல் வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒலி எழுப்புவது நல்ல பழக்கம். அதைக் கைவிட வேண்டாம். ஆனால் ஒரு வயதில் அது பலித்தால் நேரத்தைக் கணித்தவர் பாட்டி, அடக்கப் பழகியது பிள்ளை அல்ல. ‘அப்போதே பழகினானே, இப்போது ஏன் இப்படி?’ என்று மருமகளைக் குறை சொல்வது நியாயமில்லை.

3. சாப்பிட்ட பிறகு குடல் தானாகவே அசையத் தொடங்கும். காலை இட்லி உள்ளே போன இருபது, முப்பது நிமிடத்துக்குள் உட்கார வையுங்கள். ஐந்து நிமிடம் போதும். வரவில்லையென்றால் எழுப்பிவிடுங்கள். அரை மணி நேரம் பிடித்து உட்கார வைத்தால் அந்த இடமே பிள்ளைக்கு வெறுத்துவிடும். கையில் செல்போன் கொடுத்து உட்கார வைப்பதும் வேண்டாம். எதற்காக உட்கார்ந்தோம் என்பதே அதற்கு மறந்துபோகும்.

4. நம் இந்தியன் டாய்லெட்டின் பள்ளம் இரண்டு வயதுக்குப் பெரிய குழி. விழுந்துவிடுவோம் என்ற பயம் உண்மையானது. எதிரில் நின்று இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். வெஸ்டர்ன் என்றால் சின்ன சீட் ஒன்றும் கால் ஊன்ற ஒரு முக்காலியும் வேண்டும். கால் அந்தரத்தில் தொங்கினால் முக்க முடியாது. பொதுக் கழிப்பறையை நம்பியிருக்கும் வீடுகளில் மூலையில் பிள்ளை உட்கார்ந்து போக ஒரு பாட்டி (potty) சேர் போதும். ஆனால் அதில் போனதைக் கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும், கால்வாய் ஓரத்திலோ குப்பைத்தொட்டியிலோ அல்ல. குழந்தை மலம்தானே என்பார்கள். வயிற்றுப்போக்கு, டைபாய்டு கிருமிகள் அதிலும் பரவும்.

5. அடம் பிடிக்கும் பிள்ளைகளில் பலருக்கு உண்மையான தொல்லை மலச்சிக்கல். ஒரு தடவை மலம் கெட்டியாகப் போய் வலித்திருக்கும். அந்த வலிக்குப் பயந்து அடுத்த நாள் அடக்கும். அடக்க அடக்க உள்ளே இன்னும் இறுகும், இன்னும் வலிக்கும். கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, முகம் சிவக்கும் பிள்ளையைப் பார்த்து ‘முக்குகிறான்’ என்று நினைக்கிறோம். பல நேரம் அது அடக்குவது. இந்த நிலையில் பழக்குவதை நிறுத்திவிட்டு முதலில் வயிற்றைச் சரிசெய்யுங்கள். பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம், வயிறு பாலிலேயே நிறைந்தால் சோறு இறங்காது. டீயில் தொட்ட பொறையும் பிஸ்கட்டும் பன்னும் குறையட்டும். கொய்யா, பப்பாளி, கீரை, ஊறவைத்த உலர்திராட்சை, நிறையத் தண்ணீர், இவை சேரட்டும். ஒரு வாரத்தில் சரியாகவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் தரும் இளக்கி மருந்தை, மலம் இளகியதுமே நிறுத்திவிடக் கூடாது. வாரக்கணக்கில், சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு வைப்பதும் விளக்கெண்ணெய் புகட்டுவதும் வேண்டவே வேண்டாம். வலியும் பயமும்தான் கூடும்.

இன்னொன்று. பல நாள் மலம் தேங்கிய பிள்ளைக்கு ஜட்டியில் தண்ணீராகக் கசியும். பேதி என்று நினைத்து பேதி நிற்க மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

6. தண்ணீர் பிடித்து வைத்துப் புழங்கும் வீடுகளுக்கு இது மிக முக்கியம். டாய்லெட்டுக்குத் தானே போகப் பழகும் பிள்ளை பக்கெட்டுக்கும் தனியாகப் போகும். சில அங்குலத் தண்ணீரில் தலைகீழாக விழுந்தாலே உயிர் போய்விடும். டிரம்முக்கு மூடி போடுங்கள், பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள். ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் எல்லாம் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போகட்டும். தாழ்ப்பாளையும் பிள்ளை கைக்கு எட்டாமல் மேலே வையுங்கள்.

7. உச்சாவுக்கு டாய்லெட், கக்காவுக்கு மட்டும் பேம்பர்ஸ் என்று சில பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கும். கொடுத்துவிடுங்கள். மறுத்தால் அடக்கும், ஐந்தாவது குறிப்பில் சொன்ன சுழல் தொடங்கும். முதலில் பேம்பர்ஸோடு டாய்லெட்டுக்குள் நின்று போகட்டும், பிறகு அதோடே உட்காரட்டும், கடைசியில் கழற்றிவிடலாம்.

8. ‘ஷேம் ஷேம் பப்பி ஷேம்’ என்று கை தட்டாதீர்கள். ‘சூடு வைப்பேன்’ என்று மிரட்டாதீர்கள். விளையாட்டுக்குச் சொன்னாலும் பிள்ளைக்கு அது விளையாட்டு இல்லை. நனைத்தால், ‘பரவாயில்லை, அடுத்த தடவை சொல்லு’ என்று மாற்று ஜட்டி போட்டுவிடுங்கள். ஷிப்ட் முடிந்து களைத்து வரும் அப்பாக்களுக்கும் இதைச் சேர்த்தே சொல்கிறேன்.

9. தம்பி பாப்பா பிறந்தாலோ, வீடு மாறினாலோ, காய்ச்சலில் கிடந்து எழுந்தாலோ, பழகிய பிள்ளை மறுபடி நனைக்கும். வேண்டுமென்றே செய்வதாக நினைக்க வேண்டாம். அம்மா பிள்ளைக்கென்று ஒதுக்கும் பத்து நிமிடம்தான் அதற்கு மருந்து.

10. பழக்கத் தொடங்க நல்ல காலம் தை முதல் ஆடி வரை. அடைமழையில் ஜட்டி காயாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அப்படி டாய்லெட் தண்ணீர் எதிர்த்து வரும் நாட்களில் பேம்பர்ஸே போடுங்கள். பழக்கம் ஒரு மாதம் தள்ளிப்போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

11. பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். இல்லையென்றால் சிறுநீர்த் தொற்று வரலாம். பையனும் முதலில் உட்கார்ந்தே பழகட்டும். கழுவிவிட்டவர் கை, பிள்ளை கை, இரண்டுக்கும் சோப்பு.

12. இரவு நனைப்பது தனிக் கணக்கு. ஐந்து வயதில்கூட நூறு பிள்ளைகளில் சுமார் 15 பேர் தூக்கத்தில் நனைப்பார்கள். படுக்கும் முன் ஒருமுறை போக வையுங்கள், பாய்க்குமேல் ரப்பர் ஷீட் விரியுங்கள், அவ்வளவுதான்.

13. அங்கன்வாடிக்கு அனுப்பும்போது மூன்று ஜட்டியும், கழற்றச் சுலபமான எலாஸ்டிக் டவுசரும் வையுங்கள். உங்கள் வீட்டில் உச்சா, கக்கா என்கிறீர்களா, ஒன்றுக்கு, ஆய் என்கிறீர்களா என்று டீச்சரிடம் சொல்லிவிடுங்கள்.

14. சிறுநீர் போகும்போது அழுகை, காரணம் தெரியாத காய்ச்சல், மலத்தில் ரத்தம், எந்நேரமும் சொட்டுச் சொட்டாகக் கசிவு, நடையில் தளர்ச்சி, இவை எதுவும் இருந்தால் காத்திருக்கக் கூடாது. நன்றாகப் பழகிய பிள்ளை திடீரென்று அடிக்கடி சிறுநீர் போய், ஓயாமல் தண்ணீர் கேட்டு, இளைத்தும் வந்தால் சர்க்கரை நோயாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். அங்கிருந்து ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ அனுப்பினால் தயங்காமல் போங்கள். இரண்டும் அரசு மருத்துவமனைகள், மருத்துவரைப் பார்க்கப் பணம் கட்ட வேண்டியதில்லை.